புரோலாக்டின்: குப்பியில் இருப்பதும் ரிப்போர்ட்டில் வருவதும்

தர்மபுரியில் நான் வேலை செய்யும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மதியம் ஒன்றரை மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். அப்படி ஒரு நேரத்தில் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கையில் டாக்டர் சீட்டு இல்லை. போனைத்தான் நீட்டினார். திரையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. ‘ஹியூமன் புரோலாக்டின், ரீகாம்பினன்ட், 10 மைக்ரோகிராம்’ என்று போட்டு, பக்கத்தில் பல ஆயிரம் ரூபாய் விலை.

மனைவிக்குக் குழந்தை பிறந்து 18 நாள் ஆகிறதாம். பால் பத்தவில்லை என்று வீட்டில் ஆளாளுக்குப் பேசுகிறார்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் எது என்று ராத்திரியெல்லாம் தேடி இதைக் கண்டுபிடித்திருக்கிறார். “தக்காளி வித்த காசு இருக்குதுங்க மேடம். வரவழைச்சா நீங்களே ஊசி போட்டுருவீங்களா? ஹியூமன்னுதானே போட்டிருக்குது?”

அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. உட்காரச் சொன்னேன். அன்றைக்கு அவரிடம் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தர்மபுரிக்கு வருவதற்கு முன் சில வருடங்கள் பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் இந்த மாதிரிப் புரதங்களைத் தயாரிக்கும் வேலையில் இருந்தேன். ஓசூரில் தங்கி தினமும் பஸ்ஸில் போய் வருவேன். அதனால் அந்தக் குப்பி எப்படி உருவாகிறது என்று எனக்குக் கைப்பழக்கமாகவே தெரியும்.

புரோலாக்டின் என்பது மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தரும் ஹார்மோன். 199 அமினோ அமிலங்கள் கோத்த ஒரே சரம், அதில் மூன்று இடத்தில் முடிச்சு. 1928இல் ஸ்ட்ரிக்கர், க்ரூட்டர் என்ற இருவர் பிட்யூட்டரிச் சாற்றை முயல்களுக்குச் செலுத்தி, பால் சுரப்பதைக் காட்டினார்கள். பிறகு அமெரிக்காவில் ஆஸ்கார் ரிடில் குழுவினர் புறாக்களை வைத்து ஆராய்ந்து இதற்குப் பெயர் வைத்தார்கள். புறா தன் குஞ்சுக்குத் தொண்டைப் பையிலிருந்து ஒரு வகைப் பால் ஊட்டும். அதைச் சுரக்க வைப்பதும் இதே ஹார்மோன்தான். மனிதனுக்கு வளர்ச்சி ஹார்மோனிலிருந்து வேறுபட்ட புரோலாக்டின் தனியாக உண்டு என்பது உறுதியானதோ 1970ஐ ஒட்டித்தான். மனித வளர்ச்சி ஹார்மோனுக்கும் பால் சுரக்க வைக்கும் குணம் கொஞ்சம் உண்டு. சுரப்பியில் அதன் அளவும் மிக அதிகம். அதன் நிழலிலேயே இது மறைந்து கிடந்தது.

ஆய்வுக்கு வேண்டிய புரோலாக்டினை இறந்தவர்களின் சுரப்பியிலிருந்து எவ்வளவு எடுத்துவிட முடியும்? அதனால் மனித மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து, அதையே தயாரிக்க விடுகிறோம். இதைத்தான் ரீகாம்பினன்ட் என்கிறார்கள். பாக்டீரியா சரத்தைக் கோத்துவிடும். ஆனால் அதைச் சரியாக மடித்து முடிச்சுப் போட அதற்குத் தெரியாது. செய்ததெல்லாம் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக உள்ளேயே தங்கிவிடும். பாக்டீரியாவை உடைத்து, கட்டியைப் பிரித்துக் கழுவி, யூரியாவில் கரைப்போம். வயலுக்குப் போடுகிறோமே, அதே யூரியாதான், மிகச் சுத்தமானது. பிறகு யூரியாவைக் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கினால் சரம் தானாக மடியும். அவசரப்பட்டால் மறுபடி கட்டிதான்.

ஒரு தடவை நாங்கள் செய்த ஒரு தொகுதி ஜெல்லில் ஓட்டி மூலக்கூறின் எடையைப் பார்த்தபோது கச்சிதமாக இருந்தது, சுமார் 23 கிலோ டால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு). எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் என்பி2 செல்களுக்குக் கொடுத்தோம். அவை எலியின் நிணநீர்ப் புற்றிலிருந்து வந்த செல்கள். புரோலாக்டின் கிடைத்தால் பெருகும், கிடைக்காவிட்டால் அப்படியே நிற்கும். மூன்று நாள் பார்த்தோம், அசையவே இல்லை. முடிச்சுகள் இடம் மாறி விழுந்திருந்தன. எடை சரி, பெயர் சரி, வேலை மட்டும் செய்யவில்லை. மொத்தத்தையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சரியாக வந்ததை உறையவைத்து உலர்த்தி, குப்பியில் அடைத்து, ‘ஆய்வுக்கு மட்டும், மனிதர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது’ என்று ஒட்டுவோம். இது கம்பெனிக்காரர்கள் தப்பித்துக்கொள்ள எழுதும் வாசகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஈ.கோலையின் மேலுறையில் எண்டோடாக்சின் என்ற நச்சு இருக்கிறது. கழுவக் கழுவக் குறையும், ஆனால் செல் வளர்ப்புக்குப் போதும் என்ற அளவோடு நிறுத்திவிடுவோம். அந்த மிச்சம் மனித ரத்தத்துக்குள் போனால் குளிர் ஜுரம் வரலாம், ரத்த அழுத்தம் சரியலாம். புரதம் குப்பிச் சுவரில் ஒட்டாமல் இருக்க மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் என்ற புரதத்தைச் சேர்ப்பதும் உண்டு. அது சிலருக்கு ஒவ்வாமை தரும். ஊசி மருந்துக்குரிய கிருமி நீக்கம் அதற்குச் செய்யப்படுவதே இல்லை.

இதையெல்லாம் விட அந்தத் தம்பிக்குச் சட்டென்று புரிந்தது ஒரு கணக்குதான். பால் கொடுக்கும் தாய்க்கு ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா உத்தேசமாக 3 லிட்டர். ஒவ்வொரு மில்லியிலும் 100 நானோகிராம் புரோலாக்டின் என்று வைத்தால் மொத்தம் 300 மைக்ரோகிராம். குப்பியில் இருப்பது 10. முழுக்கப் போட்டாலும் மில்லிக்கு 3 நானோகிராம்தான் கூடும், அதிலும் பாதிக்கு மேல் ஒரு மணி நேரத்துக்குள் உடலை விட்டுப் போய்விடும். குழந்தை ஒரு தடவை வாய் வைத்துச் சப்பினால் அதைவிடப் பல மடங்கு அவள் உடம்பே சுரந்துவிடும். “அப்ப இத்தனை ஆயிரமும் தண்டமுங்களா?” என்றார். உயிருக்கே ஆபத்தான தண்டம் என்றேன்.

அவர் விடவில்லை. சர்க்கரைக்குப் போடும் இன்சுலினும் பாக்டீரியாவில்தானே செய்கிறார்கள் என்றார். நல்ல கேள்வி. உண்மைதான், 1982இலிருந்து அப்படிச் செய்த மனித இன்சுலின் மருந்தாக வருகிறது. தொழில்நுட்பம் ஒன்றுதான். ஆனால் மருந்தாக வருவதற்கு வேறு தொழிற்சாலை வேண்டும், மனிதர்களிடம் வருடக்கணக்கில் சோதனை வேண்டும், உரிமம் வேண்டும், ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனை வேண்டும். மருந்துத் தரத்தில் தயாரித்த புரோலாக்டினை வெளிநாட்டில் மிகச் சில தாய்மார்களிடம் மருத்துவர்கள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். அது கடையில் வாங்கும் மருந்தாக இதுவரை வரவில்லை.

சரி, பாலுக்கு என்ன வழி? கர்ப்ப காலத்தில் புரோலாக்டின் ஏறத்தாழ பத்து மடங்கு ஏறி நிற்கும். ஆனாலும் பால் பெருகாது, நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் தடுத்து வைத்திருக்கும். நஞ்சு விழுந்த பிறகு இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் பால் இறங்கும். அதற்கப்புறம் எல்லாம் குழந்தையின் வாயில்தான் இருக்கிறது. சப்பச் சப்பச் சுரக்கும், மார்பு காலியாகக் காலியாகப் பெருகும். ராத்திரியில் புரோலாக்டின் இன்னும் நன்றாக ஏறும். இங்கே நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணீரை நாக்கில் தடவுகிறோம். பிள்ளை பெற்றவள் தூங்கட்டும் என்று ராத்திரிக்குப் புட்டிப்பால் கொடுக்கிறோம். பாசத்தில் செய்வதுதான், ஆனால் சுரப்பைக் குறைப்பது அதுதான்.

குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறது என்று அவரைக் கேட்டேன். வீட்டுக்குப் போன் போட்டு அவர் மாமியாரைக் கேட்டுச் சொன்னார்: எட்டு, ஒன்பது. ஒரு நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் போய், எடையும் ஏறினால் பால் போதுகிறது என்று அர்த்தம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய் எடை பார்க்கச் சொன்னேன். பிறந்த எடையைத் தாண்டி ஏறியே இருந்தது. அங்கே நர்ஸ் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையைப் பிடிக்கும் விதத்தை மாற்றிக் காட்டியிருக்கிறார். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

ஒன்றை மட்டும் அவரிடம் அழுத்திச் சொல்லி அனுப்பினேன். இந்தக் குப்பியை விட்டால் அடுத்து இணையம் காட்டப்போவது டோம்பெரிடோன் மாத்திரை. வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் தருவது. பிட்யூட்டரியைக் கட்டுக்குள் வைத்திருக்கும் டோபமைன் என்ற மூளை ரசாயனத்தை அது தடுப்பதால் புரோலாக்டின் ஏறும். பால் சுரக்க அதைச் சில மருத்துவர்கள் தருவதும் உண்டு. ஆனால் இதயத் துடிப்பின் தாளத்தை அது கெடுக்கக்கூடும். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004லேயே பாலுக்காக இதைச் சாப்பிடுவதை எச்சரித்தது. மெடிக்கலில் நாமாகக் கேட்டு வாங்கும் மாத்திரை அல்ல அது.

இதே மாத்திரைதான் எங்கள் கூடத்தில் வேறு ஒரு கூட்டத்தை அழவைக்கிறது. அரூர் பக்கத்துப் பெண் ஒருவர். கல்யாணமாகி மூன்று வருடம், மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருகிறது. புரோலாக்டின் 74. பெண்களுக்குப் பொதுவாக மில்லிக்கு 25 நானோகிராம் வரைதான் இயல்பு. ரிப்போர்ட்டைப் பார்த்த உறவுக்காரர் ஒருவர் “தலையில கட்டி இருக்கும்” என்று சொல்லிவிட்டார். பிட்யூட்டரிக் கட்டியாலும் ஏறும், உண்மைதான். 200ஐத் தாண்டினால் முதல் சந்தேகமே அதுதான். ஆனால் 74க்கு அதற்கு முன் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் எல்லோரும் “ஒண்ணுமில்லைங்க” என்பார்கள். கேஸ் மாத்திரையை யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பையைக் கொட்டச் சொன்னேன். வந்து விழுந்தது பான்டோபிரசோலும் டோம்பெரிடோனும் சேர்ந்த கேப்ஸ்யூல் அட்டை, நான்கு மாதமாக தினமும் வெறும் வயிற்றில். டாக்டர் அதை நிறுத்தச் சொல்லி, சில நாள் கழித்து மறுபடி பார்த்தோம். 13. அந்தப் பெண் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். குழந்தை இல்லை என்று மூன்று வருடம் கேட்ட பேச்சோடு, கட்டி என்ற பயத்தையும் இரண்டு வாரம் சுமந்திருக்கிறார். எதற்காக?

லெவோசல்பிரைடு சேர்ந்த வயிற்று மாத்திரை, மெட்டோக்ளோபிரமைடு, மனநலத்துக்குத் தரும் ரிஸ்பெரிடோன் போன்றவையும் இப்படி ஏற்றும். மனநல மாத்திரையை மட்டும் தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் ரிப்போர்ட்டைக் காட்டினால் போதும். தைராய்டு குறைவாக இருந்தாலும் புரோலாக்டின் ஏறும் என்பதால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு பரிசோதனை இல்லாமல் இந்த எண்ணை மட்டும் பார்ப்பதில் பயன் குறைவு. கர்ப்பமும் ஏற்றும். நாள் தள்ளிப்போன பெண்ணுக்கு அதை முதலில் பார்க்காமல் மற்றதையெல்லாம் பார்த்ததும் நடந்திருக்கிறது.

அப்புறம் பஸ். பென்னாகரத்திலிருந்து விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்து, நின்றுகொண்டே வந்து, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கக் கையை நீட்டுவார்கள். தூக்கத்தில் இந்த ஹார்மோன் உச்சத்தில் இருக்கும், எழுந்த பிறகுதான் இறங்கும். ஓட்டமும் பதற்றமும், ஊசியைப் பார்த்த பயமும்கூட ஏற்றும். எழுந்து இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, கூடத்தில் ஒரு 20 நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு கொடுங்கள். யாராவது அவசரப்படுத்தினால் “கொஞ்சம் உட்கார்ந்துட்டு வர்றேங்க” என்று சொல்லலாம், தவறில்லை.

முடி கொட்டுகிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? நம் ஊர் போர் தண்ணீரைக் குறை சொல்லிக்கொண்டு இங்கே பாதிப் பேர் சாப்பிடுகிறார்கள். சில பரிசோதனைக் கருவிகள் பயோட்டினையே பசையாக வைத்து வேலை செய்பவை. ரத்தத்தில் அது நிறைய இருந்தால் புரோலாக்டின் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். அதையும் சொல்லுங்கள்.

அலகையும் பாருங்கள். ஓசூரில் ஓர் இடத்தில் 25 வந்தவருக்கு அடுத்த மாதம் வேறு இடத்தில் 530 வந்து, அழுதுகொண்டே போன் செய்தார். முதலாவது நானோகிராம் கணக்கு, இரண்டாவது சர்வதேச யூனிட் கணக்கு. மில்லிக்கு ஒரு நானோகிராம் என்பது லிட்டருக்குச் சுமார் 21 மில்லி யூனிட். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுதான்.

கடைசியாக, காவேரிப்பட்டணத்து ஆசிரியை ஒருவர். மாதவிலக்கு ஒழுங்கு, மார்பில் பால் கசிவு இல்லை, எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனால் எப்போது பார்த்தாலும் 80க்கு மேல். இரண்டு வருடமாக, புரோலாக்டினைக் குறைக்கும் கேபர்கோலின் மாத்திரை சாப்பிட்டு, தலைசுற்றலோடு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். சிலர் ரத்தத்தில் புரோலாக்டின் அவரவர் எதிர்ப்புப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு பெரிய உருண்டையாகச் சுற்றும். மேக்ரோபுரோலாக்டின் என்று பெயர். சிறுநீரகம் வழியாக சீக்கிரம் வெளியேறாது, அதனால் எண் கூடும். ஆனால் உடம்பில் அது பெரிதாக எதையும் செய்வதில்லை. புரோலாக்டின் அதிகம் என்று வருபவர்களில் பத்தில் ஒருவருக்காவது கதை இதுதான். கண்டுபிடிப்பது சுலபம்: சீரத்தில் (ரத்தம் உறைந்த பிறகு பிரிந்து நிற்கும் தெளிந்த நீர்) பாலிஎத்திலீன் கிளைக்கால் கரைசலைக் கலந்து சுழற்றினால் உருண்டைகள் அடியில் படிந்துவிடும், மேலே நிற்பதை மறுபடி அளந்தால் போதும். அவருக்கு 84 என்பது 12 ஆனது. டாக்டர் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

“இதை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே ஏன் யாரும் பண்ணலைங்க?” என்று கேட்டார். டாக்டர் எழுதினால்தான் எங்கும் செய்வார்கள், நாங்களும் அப்படித்தான் இருந்தோம் என்று அவரிடம் ஒப்புக்கொண்டேன். அதற்குப் பிறகு எங்கள் கூடத்தில் 25ஐத் தாண்டும் ஒவ்வொருவரின் மீதிச் சீரத்தையும் பெயர் எழுதி ஒரு வாரம் ஃப்ரீசரில் வைக்கிறோம். டாக்டர் போனில் சொன்னாலே போதும், இன்னொரு தடவை ஊசி குத்தாமல் செய்துவிடலாம்.