பார்மிஜானோவுக்குள் அந்த வெள்ளைப் புள்ளிகள்

மிலானில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் ஒரு பெரிய துண்டு பாலாடைக்கட்டி கொண்டுவந்தானாம். வெட்டிப் பார்த்தால் உள்ளே அங்கங்கே வெள்ளைப் புள்ளிகள். பூஞ்சை பிடித்துவிட்டதா, தூக்கிப் போட்டுவிடலாமா என்று ஒரு வாசகி கேட்டு எழுதியிருக்கிறார்.

போட்டுவிடாதீர்கள், அம்மா. பூஞ்சையாக இருந்தால் மேற்பரப்பில் பஞ்சுபோலப் படரும். பெரும்பாலும் பச்சையோ நீலமோ சாம்பலோ கலந்திருக்கும். உங்கள் புள்ளிகள் கட்டியின் உள்ளே இருக்கின்றன, கடித்தால் நறுக்கென்று நொறுங்குகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவை படிகங்கள். உப்புக்கல்லும் அல்ல. கட்டி நன்றாக முதிர்ந்திருக்கிறது என்பதற்கான அடையாளம்.

அந்தக் கட்டியின் பெயர் பார்மிஜானோ ரெஜ்ஜானோ. இத்தாலியில் பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா மாவட்டங்களிலும், போலோஞா, மாந்துவா மாவட்டங்களின் ஒரு பகுதியிலும் செய்தால்தான் அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம். செய்முறை சுருக்கம்தான். இரவுப் பாலின் ஏட்டை எடுத்துவிட்டுக் காலைப் பாலோடு கலந்து, செம்புக் கொப்பரையில் ஊற்றுகிறார்கள். முந்தின நாள் தெளிநீரே உறை. கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரென்னட்டால் பால் திரிகிறது. (சைவ உணவுக்காரர்கள் இந்த வரியை இன்னொருமுறை படித்துக்கொள்ளலாம். தாவர ரென்னட்டுக்கு இங்கே விதிப்படி இடமில்லை.) திரளை உடைத்து 55 டிகிரி வரை சூடாக்கி, அச்சில் இட்டு, சுமார் 20 நாள் உப்புநீரில் ஊறவைத்து, அறையில் அடுக்கிவிடுகிறார்கள். ஏறக்குறைய 550 லிட்டர் பாலில் 40 கிலோ எடையுள்ள ஒரு சக்கரம் கிடைக்கும். குறைந்தது 12 மாதம் கழித்துத்தான் விற்கலாம். 24, 36 மாதம் காத்திருப்பவர்களும் உண்டு. இந்தக் கட்டிகளைக் கிடங்கில் வைத்துக்கொண்டு அவற்றின் பேரில் கடன் தரும் வங்கிகூட அங்கே இருக்கிறது.

காத்திருக்கும் அந்த மாதங்களில் உள்ளே என்ன நடக்கிறது? எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

உறையில் இருந்த லாக்டிக் பாக்டீரியாக்கள் முதல் இரண்டு நாளிலேயே பாலின் சர்க்கரையான லாக்டோஸ் முழுவதையும் தின்று தீர்த்துவிடுகின்றன. தின்ன வேறொன்றும் இல்லை, உப்பு ஏறுகிறது, ஈரம் குறைகிறது. அவற்றில் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. சாகும்போது உடல் வெடித்து, உள்ளே இருந்த நொதிகள் கட்டிக்குள் சிந்துகின்றன. வேடிக்கை என்னவென்றால், பாக்டீரியா போய்ச் சேர்ந்த பிறகும் அதன் நொதிகள் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கும். கூடவே பாலில் இயல்பாகவே இருக்கும் பிளாஸ்மின் என்ற நொதி. மாட்டின் இரத்தத்திலிருந்து பாலுக்கு வருவது அது. இரத்த உறைவைக் கரைப்பதுதான் உடலில் அதன் வேலை. 55 டிகிரி சூட்டில் ரென்னட் பெரும்பாலும் செயலிழந்துவிட, பிளாஸ்மின் அசையாமல் தப்பித்துவிடுகிறது.

பால் புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசீன். அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட சங்கிலியான கேசீனைப் பிளாஸ்மின் முதலில் பெரிய துண்டுகளாக வெட்டுகிறது. பாக்டீரியா விட்டுச்சென்ற நொதிகள் அந்தத் துண்டுகளைப் பிடித்து ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அமினோ அமிலங்களைப் பிரிக்கின்றன. இப்படி விடுபடும் அமினோ அமிலங்களில் பல, கட்டியில் மிஞ்சியிருக்கும் ஈரத்தில் கரைந்தே இருந்துவிடும். டைரோசின் அப்படி இருக்காது. கிளைசின் என்னும் அமினோ அமிலம் ஒரு லிட்டர் நீரில் சுமார் 250 கிராம் வரை கரையும். டைரோசினோ அரை கிராம்கூடக் கரையாது. நொதிகள் மேலும் மேலும் டைரோசினை விடுவிக்கின்றன. மறுபக்கம் ஈரம் காய்ந்துகொண்டே போகிறது. தாங்கமுடியாத ஒரு கட்டத்தில், ஆறும் பாகில் கற்கண்டு இறங்குவதைப்போல, டைரோசின் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. நீங்கள் பார்த்த வெள்ளைப் புள்ளி அந்த ஊசிகளின் கொத்து. கடுகுபோல உருண்டையாக, சற்று மென்மையான முத்துகளும் கண்ணில் பட்டால் அவற்றில் லூசின் என்னும் இன்னொரு அமினோ அமிலம் அதிகம். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1846இல் டைரோசினை முதன்முதலில் பிரித்தெடுத்ததே பாலாடைக்கட்டியின் கேசீனிலிருந்துதான்.

அதே வெட்டுவேலையில்தான் நாக்குக்கு ருசி கூட்டும் குளூட்டமேட்டும் விடுபடுகிறது. முதிர்ந்த பார்மிஜானோவில் 100 கிராமுக்கு ஒரு கிராமுக்கு மேல் இருக்கும். ஜப்பானியர் இகேடா 1908இல் கடற்பாசியிலிருந்து பிரித்து, பின்னர் பொட்டலத்தில் விற்பனைக்கு வந்ததும் இதே குளூட்டமேட்தான். அதை அஜினமோட்டோ என்ற பெயரில் கேட்டால் விஷம் என்று அலறுகிறோம். இத்தாலியிலிருந்து வந்த கட்டியில் இருந்தால் ‘என்ன ருசி’ என்கிறோம். நாக்குக்கு இந்தப் பாகுபாடு தெரியாது. வாட்ஸ்அப் வதந்திக்குத்தான் தெரியும்.

இத்தாலியிலிருந்து கிளம்புகிறவர்கள் பெட்டியில் முதலில் இதை வைப்பதற்கும் காரணம் இதே வேதியியல்தான். சர்க்கரை இல்லை, ஈரம் 30 சதவீத அளவுதான், உப்பும் அமிலமும் உண்டு. கெடுக்க வரும் நுண்ணுயிரிகளுக்கு அங்கே பிழைக்க வழியில்லை. காற்றை உறிஞ்சி அடைத்த துண்டு நீண்ட பயணத்தைத் தாங்கும். நேப்பிள்ஸ் பக்கத்து எருமைப்பால் மொஸரெல்லாவோ தன் நீரிலேயே மிதப்பது. சில நாளில் புளித்துவிடும். பன்றித்தொடை ப்ரொஷூட்டோ ருசியில் குறைந்ததல்ல, ஆனால் அமெரிக்கா போகும் பயணி கையில் இருந்தால் சுங்கத்தில் பெரும்பாலும் பறிபோகும். கெட்டியான பாலாடைக்கட்டி கடந்துவிடும்.

எதிர்த்திசையில் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சியோ பால் பொருளோ கொண்டுபோகக்கூடாது. கோமாரி போன்ற கால்நடை நோய்கள் நுழைந்துவிடும் என்ற பயம். எனவே மகன் திரும்பும்போது நெய்யும் பால்கோவாவும் கட்டித்தராதீர்கள். பச்சைக் காய்கனிகளுக்கும் 2019 டிசம்பரிலிருந்து தாவர நலச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழை, பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. மிலானிலும் பலேர்மோவிலும் வாழும் இலங்கைத் தமிழர்களுக்குத் தேங்காயில் சிக்கல் இல்லை. ஒரு கொத்து கறிவேப்பிலையில்தான் சிக்கல். அது எலுமிச்சைக் குடும்பத்துச் செடி. அதன் இலைகளில் ஒட்டி வாழும் சைலா என்ற சிறு பூச்சி, ஆரஞ்சு மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் பாக்டீரியாவைச் சுமக்கக்கூடியது. 2005இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் தலைகாட்டிய அந்த நோய், அங்கிருந்த ஆரஞ்சுத் தோப்புகளைப் பெருமளவு அழித்துவிட்டது. சிசிலியின் தோப்புகளுக்கும் அதே கதி வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் விமான நிலையத்தில் ஒரு கொத்துக்கு அத்தனை கெடுபிடி.