அட்டாச்டு டீமுக்கு 'துணைப்படை'ன்னு போடாதீங்கப்பா

மறுபடியும் ஒரு போர் டாக்குமெண்டரி, மறுபடியும் சப்டைட்டில்ல அதே 'துணைப்படை'. ஆப்கானிஸ்தான்ல இருந்த ஒரு அமெரிக்க ராணுவ கம்பெனி கமாண்டர் (ஒரு சின்ன படைப்பிரிவோட தலைவர்) பேசுறாரு, அவர்கிட்ட அட்டாச் ஆகி, அதாவது வேற யூனிட்ல இருந்து தற்காலிகமா வந்த, வெடிகுண்டை செயலிழக்க வைக்கிற டீம், மோப்ப நாயோட வந்த ஹேண்ட்லர், கிராமத்துப் பொம்பளைங்ககிட்ட பேசுறதுக்குன்னே வந்த பெண் சிப்பாய்ங்க பத்தியெல்லாம். கீழ ஓடுது 'எனது துணைப்படைகள்'. நம்ம பேப்பர்ல 'துணை ராணுவப் படை'ன்னா சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப். படிக்கிறவன் என்னத்த புரிஞ்சுக்குவான்?

அட்டாச், பழைய பிரெஞ்சு வழியா வந்த சொல். அடி வேர் தறி, முளைக்கம்பு. அட்டாக் கூட இத்தாலி வழியா வந்த இதே குடும்பம்தான். அது போதும்.

ராணுவத்துல இதுக்கு ரொம்ப துல்லியமான அர்த்தம் இருக்கு. அமெரிக்க விதிமுறைல அசைன்டுன்னா ஏறக்குறைய நிரந்தரம், அட்டாச்டுன்னா தற்காலிகம். வாங்கிக்கிட்ட கமாண்டர்தான் அவங்களுக்கு உத்தரவு போடணும், சோறு, தங்க இடம், ஒழுங்கு நடவடிக்கை எல்லாம் அவர் பொறுப்பு, ஆனா ப்ரமோஷனும் ட்ரான்ஸ்ஃபரும் பொதுவா தாய் யூனிட் கையிலயே இருக்கும். 'இன் சப்போர்ட்' வேற கதை. பீரங்கிக்காரங்க காலாட்படைக்கு சப்போர்ட்ல இருக்கும்போது அவங்க ஆபீசர் ஒருத்தர் கம்பெனி கமாண்டர் கூடவே முன்னாடி போய் குண்டு எங்க விழணும்னு ரேடியோல சொல்லுவாரு, ஆனா அந்த பீரங்கியை இங்கிருந்து அங்க நகர்த்துன்னு கம்பெனி கமாண்டர் உத்தரவு போட முடியாது, கேட்கத்தான் முடியும்.

இந்த வித்தியாசம் எல்லாத்தையும் 'துணை' ஒரே வாய்ல முழுங்கிடுது. அதுவும் பழைய தமிழ்ல துணைப்படைக்கு ஏற்கனவே வேலை இருக்கு. பரிமேலழகர் குறள் உரைல சொல்ற ஆறு வகைப் படைல (மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை) அது நட்பு அரசன் அனுப்புற படை. அர்த்தசாஸ்திரத்துல மித்ர பலம்னு வர்றதும் அதுதான். நேட்டோ நாட்டுப் படைக்கு வேணா போடுங்க, ஒரு நாய்க்கும் ரெண்டு வெடிகுண்டு டெக்னீஷியனுக்கும் எதுக்கு?

இன்னொரு கோஷ்டி 'இணைக்கப்பட்ட குழு'ன்னு எழுதுது. மெயில்ல ஃபைல் இணைச்ச மாதிரி இருக்குங்கிறது ஒரு பக்கம், பெரிய சிக்கல் என்னன்னா வங்கிகள் இணைப்பு, ஊராட்சியை மாநகராட்சியோட இணைச்சாங்கன்னு சொல்றப்ப இணைஞ்சது தனியா இருக்காது, கரைஞ்சிடும். அட்டாச் ஆன டீம் கரையாது, வேலை முடிஞ்சா கிளம்பிடும்.

நான் எழுதுறது 'இரவல் குழு'. இரவல்னா கௌரவம் இல்லையாம், ராணுவத்துக்கு கம்பீரமா சொல் வேணுமாம். கம்பீரத்தை வச்சு என்ன பண்றது, அர்த்தம் வரணும்ல? உழவுக்கு இரவல் வாங்கின மாடு என் தறியில நிக்குது, தீனி நான்தான் போடணும், ஆனா விக்க முடியாது. அட்டாச்டுக்கு இதைவிட என்ன விளக்கம் வேணும்? இரவல் பொருளை எப்படி யூஸ் பண்றதுன்னு உடையவன்கிட்ட கேட்டுத்தானே வாங்குவோம், நல்ல கமாண்டரும் அப்படித்தான், ரோந்து கிளம்புற நேரத்துல இல்ல, ப்ளான் போடுறப்பவே அந்த டீம் லீடரைக் கூப்பிட்டு உன்னால என்ன முடியும், என்ன முடியாது, இந்த வெயில்ல நாய் எவ்வளவு நேரம் மோப்பம் பிடிக்கும்னு கேட்டுக்குவாரு. கேட்காம விட்டா என்ன ஆகும்ங்கிறதுக்கு இரண்டாம் உலகப்போர் இருக்கு. அமெரிக்காவோட தனி டாங்க் பட்டாலியன்களை காலாட்படை டிவிஷன்களுக்கு மாத்தி மாத்தி அட்டாச் பண்ணாங்க, டாங்க் பழக்கம் இல்லாத கமாண்டர்கள் கையில அது துண்டு துண்டா பிரிஞ்சு சிதறினதும் நடந்துச்சு.

சப்போர்ட்ல இருக்குறவங்களுக்கு 'உதவிக்கு நிற்கும் படை'ன்னு நீட்டி எழுதினா போதும், புதுசா எதையும் காய்ச்ச வேணாம். வெடிகுண்டு டீம், நாய் டீம் மாதிரி வர்றவங்களை எல்லாம் மொத்தமா அமெரிக்க சிப்பாய்ங்க 'எனேப்ளர்ஸ்'னு சொல்றதை ஒரு மொழிபெயர்ப்புல 'இயலச்செய்வோர்'னு பார்த்தேன், ஏதோ தொண்டு நிறுவனம் பேர் மாதிரி. நிபுணர் குழுக்கள்னு எழுத யாரு கையைப் பிடிச்சாங்க?