புறநிலை: பட்டன் அமுக்காத பார்வைச் சோதனை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் கண்ணாடிக் கடைக்குப் போய்வந்த எவருக்கும் 'புறநிலை' என்ற சொல்லின் பொருள் தெரியும், சொல்தான் தெரியாது. கடையில் முதலில் ஒரு கருவிக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். தாடையை வைத்து எட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு நீளச் சாலை, கோடியில் வண்ண பலூன். பலூன் மங்கும், தெளியும். நாம் வாயே திறக்க வேண்டாம். கண்ணின் பவரைக் கருவியே கணக்குப் போட்டுச் சீட்டில் அடித்துத் தள்ளும். அப்புறம் கனமான சட்டகத்தை மூக்கில் மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார்கள். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கடைக்காரர் சலித்துக்கொள்வாரோ என்று ஏதோ ஒன்றைச் சொல்லிவைப்போம். பலூன் பார்த்தது புறநிலைச் சோதனை, பதில் சொன்னது அகநிலைச் சோதனை.

ஆங்கிலத்தில் இதற்கு 'அப்ஜெக்டிவ்', மலாயில் 'ஒப்ஜெக்திஃப்'. வேர் லத்தீன்: 'ஓப்' என்றால் எதிரே, 'யாக்கெரெ' என்றால் எறிதல். எதிரே எறியப்பட்டுக் கிடப்பது என்று பொருள். வேடிக்கை என்னவென்றால், இடைக்கால ஐரோப்பியத் தத்துவத்தில் இந்தச் சொல் மனத்தில் தோன்றுகிறபடியான பொருளைத்தான் குறித்தது; இன்றைய பொருளுக்கு ஏறக்குறைய நேர்மாறு. ஜெர்மன் தத்துவஞானி கான்ட் காலத்தை ஒட்டித்தான் அது குட்டிக்கரணம் போட்டு, எவர் எண்ணத்தையும் சாராமல் வெளியே நிற்பது என்றானது.

தமிழில் இந்த ஒற்றைச் சொல்லுக்கு இடத்துக்கு ஒரு பெயர். கூட்ட அறிக்கையில் குறிக்கோள். நுண்ணோக்கியில் பொருளருகு வில்லை. தமிழ்நாட்டுத் தேர்வுத்தாளில் கொள்குறி வினா. யோசிக்காமல் அகராதியைப் புரட்டினால் 'குறிக்கோள் பார்வைச் சோதனை' என்று எழுதிவிடும் ஆபத்து உண்டு. புறவயம் என்றும் எழுதுகிறார்கள், தவறில்லை. எனக்குப் புறநிலைதான் பிடிக்கிறது. தொல்காப்பியத்திலேயே உள்ள சொல் அது. அங்கே 'புறநிலை வாழ்த்து' என்றால், நீ வழிபடும் தெய்வம் உன்னைச் சூழ நின்று காக்கட்டும் என்ற வாழ்த்து. பொருள் வேறுதான், ஆனாலும் கண்ணைக் காக்கிற காரியத்துக்கு இந்தச் சொல் வந்து சேர்ந்ததில் எனக்கு ஒரு திருப்தி.

சரி, இந்தப் புறநிலைச் சோதனை கிளாக்கோமா என்ற கண் நோய்க்கு ஏன் வேண்டும்? அந்தப் பெயரே ஒரு குழப்பம். கிரேக்கத்தில் 'கிளாக்கோஸ்' என்பது நீலமும் பச்சையும் சாம்பலும் கலந்த நிறம். கண்மணி நிறம் மாறித் தெரிந்ததை வைத்து வந்த பெயர்; பழங்காலத்தில் கண்புரையையும் இதையும் பிரித்தறியவில்லை. 'பசும்படலம்' என்று தமிழில் சிலர் எழுதியது அந்த நிறத்தைப் பிடித்துக்கொண்டுதான். உண்மையில் படலம் எதுவும் இல்லை. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பார்வை நரம்பு சிறுகச் சிறுக மடிகிறது. இப்போது வழங்கும் 'கண் அழுத்த நோய்' தேவலாம். ஆனால் எங்கள் ஊரில் அதைக் கேட்டதும், "நான்தான் பிரஷர் மாத்திரை போடுறேனே" என்பார்கள். இரத்த அழுத்தம் வேறு, கண்ணுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம் வேறு. வழக்கமாக அது 10 முதல் 21 பாதரச மில்லிமீட்டர் வரை இருக்கும். அந்த அளவுக்குள் இருந்தும் நரம்பு மடிவது உண்டு. ஆக, அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு வீட்டுக்குப் போக முடியாது; பார்வைப்புலத்தையும், அதாவது நேரே பார்க்கும்போது சுற்றிலும் எவ்வளவு தூரம் தெரிகிறது என்பதையும், பார்க்க வேண்டும்.

அங்கேதான் என் அத்தை வருகிறார். ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். ஈப்போவில் ஒரு கண் மருத்துவமனையில், வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். ஒரு கண்ணை மூடி, கையில் பட்டனைக் கொடுத்து மிஸ்ஸி (தாதி) மலாயில் சொன்னார்: "மக்சிக், நம்பாக் லம்பு, தெக்கான்." விளக்கு தெரிந்தால் அமுக்கணும், அவ்வளவுதான். நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை நகர்த்தவும் கூடாது. விளக்கு எந்த மூலையில் எப்போது மினுக்கும் என்று தெரியாது. அத்தை முதலில் தயங்கினார். பிறகு, விட்டுவிட்டால் திட்டுவார்களோ என்று விளக்கு வராதபோதும் அமுக்கினார். கடைசியில் கண் சொக்கிவிட்டது. 'நம்ப முடியாத முடிவு' என்று தாள் வந்தது. மறுபடியும் ஒரு நாள், மறுபடியும் பஸ்.

அத்தையின் கண்ணைச் சோதிக்கப் போய், அவருடைய பயத்தையும் தூக்கத்தையும் அளந்துவிட்டு வந்தோம். அகநிலை என்பது இதுதான். இதில் இன்னொரு சங்கடம்: ஒரு பார்வை நரம்பில் சுமார் 10 இலட்சம் இழைகள் உண்டு. அவற்றில் நிறைய போன பிறகும் பட்டன் சோதனையில் குறை தெளிவாகத் தெரியாமல் இருக்கலாம். போன இழை திரும்ப வராது.

புறநிலைப் பார்வைச் சோதனையில் ஆளைக் கேட்பதில்லை, உடம்பைக் கேட்கிறார்கள். விழித்திரையின் ஒவ்வொரு பகுதியிலும் ஒளியை விழவைத்து, கண்மணி எவ்வளவு சுருங்குகிறது என்று காமிராவால் அளப்பது ஒரு வழி. கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் இடம் மாறுவதைப் பார்க்கவைத்து, பிடரியில் ஒட்டிய மின்முனை வழியாக மூளையின் பார்வைப் பகுதி தரும் மைக்ரோவோல்ட் அளவு மின்துடிப்பைப் பதிவது இன்னொன்று. அதேபோல விழித்திரை தரும் மின்துடிப்பையும் பதியலாம். கண் நரம்பின் தடிப்பை அளக்கும் ஸ்கேனும் பதில் கேட்காது. ஆனால் அது கண்ணின் கட்டமைப்பைத்தான் காட்டும், கண் எதைப் பார்க்கிறது என்பதை அல்ல. இரண்டையும் ஒரே பெயரில் போட்டுக் குழப்பக் கூடாது.

புறநிலை என்றால் பிழையே வராது என்றும் இல்லை. இமை தொங்கினாலும், புரை இருந்தாலும், கண்மணியைச் சுருக்கும் சொட்டு மருந்து விட்டிருந்தாலும் அளவு மாறும். அதனால் பட்டன் சோதனைதான் இன்னும் வழக்கத்தில் முதலில் நிற்கிறது.

தோட்டத்து ஆட்களுக்குச் சொல்ல எளிதாக 'கேளாச் சோதனை' என்று சுருக்கலாமா என்று பார்த்தேன். காதுச் சோதனை என்று நினைத்துக்கொள்வார்கள். சரி, அத்தையிடமே 'புறநிலை' என்று சொல்லிப் பார்த்தேன்.

"நிலைக்கு வெளியேன்னா வாசப்படியிலயா?" என்றார்.

விளக்கியதும் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஓ, கேக்காமப் பாக்குற டெஸ்டு."

எழுதும்போது புறநிலை என்றே எழுதுகிறேன். கிளினிக்கில் யாராவது கேட்டால் அத்தை சொன்னதைத்தான் சொல்கிறேன்.