ஸ்டாண்டு ஆடினால் குழலும் ஆடும்

சுடுதளத்தில் பாதுகாப்பைக் கவனிப்பது என் வேலை, மரவேலை கூடவே ஒட்டிக்கொண்ட பழக்கம். இரண்டும் சேரும் இடம், ரைஃபிள்களை நிறுத்தி வைக்கும் மர ஸ்டாண்டு. சுடுகிற நேரத்தில் எல்லாரும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்கள், குழல் இலக்கைப் பார்த்தபடி இருக்கிறது. சுட்டு முடித்து ரைஃபிளை வைக்கும்போதும், திரும்ப எடுக்கும்போதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

நான் முதலில் செய்த ஸ்டாண்டு பார்க்க அழகு. எட்டு ரைஃபிள் நிற்கும், மடக்கிக் காரில் போட்டுக்கொள்ளலாம். தூக்க இலேசாக இருக்கட்டும் என்று அடிப்பகுதியைக் குறுக்கிவிட்டேன். ஒருநாள் ஒருவர் ஓரத்து ரைஃபிளை எடுக்க, அது பக்கத்தில் இருந்ததை லேசாக இடிக்க, அது அடுத்ததன்மேல் சாய, கடைசியில் ஸ்டாண்டும் சேர்ந்தே சரிந்தது. எல்லாவற்றிலும் போல்ட் (தோட்டா அறையை மூடித் திறக்கும் பாகம்) திறந்திருந்தது, உள்ளே தோட்டா இல்லை, ஆட்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு ஸ்கோப்பின் (குறிபார்க்கும் தொலைநோக்கியின்) ஜீரோ, அதாவது குறி சரிசெய்து வைத்த அமைப்பு, போனது, ஒரு ரைஃபிளின் மரக்கட்டையில் விரிசல். தப்பு முழுக்க என்னுடையது.

எடையைக் கொஞ்சம் யோசியுங்கள். சர்வதேசப் போட்டி விதிப்படி 10 மீட்டர் ஏர் ரைஃபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம், 50 மீட்டர் ரைஃபிள் 8 கிலோ வரை போகலாம். அப்படி ஆறு நின்றால் ஸ்டாண்டின் சொந்த எடையைப் போல மூன்று மடங்கு சுமை அதன்மேல் இருக்கும். அதனால் காலி ஸ்டாண்டை ஆட்டிப் பார்த்து ‘உறுதியா இருக்கு’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. கூரை வடிவில் இரண்டு பக்கமும் வைக்கிற மாதிரி செய்தால், ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பி, மறுபக்கத்தைக் காலியாக விட்டு, மேல்சட்டத்தைப் பிடித்து நிரம்பிய பக்கமாக இழுத்துப் பாருங்கள். எதிர்க்கால் தரையை விட்டு எழும்பினால் அடியை அகலப்படுத்த வேண்டும். ரைஃபிளின் பட் (தோளில் வைக்கும் பின்முனை) உட்காரும் தட்டு கால்களுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவே கூடாது, அடியைக் குறுக்கியதில் என் முதல் ஸ்டாண்டில் அப்படித்தான் நீட்டியது, கவிழ்ந்ததே அதனால்தான். கால்கள் விரிந்து போகாமல் இருக்கக் கயிறை நம்பாமல், குறுக்குச் சட்டம் வைத்து, மரத்தில் போடும் போல்ட்டும் கையாலேயே திருகும் விங் நட்டும் போட்டுவிடுங்கள்.

அப்புறம் மேலே குழல் சாயும் இடம். சிலர் பலகையில் வட்டமாக ஓட்டை போட்டுக் குழலை அதற்குள் நுழைக்கச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ஓட்டையிலிருந்து எடுக்க ரைஃபிளை உயரத் தூக்கிச் சாய்க்க வேண்டும், அந்தச் சாய்ப்பில் குழலின் வாய் பக்கத்தில் நிற்பவரின் முகத்தைக் கடந்து போகும். முன்பக்கம் திறந்த வெட்டாக இருந்தால், குழல் வானத்தைப் பார்த்தபடியே ரைஃபிள் நேராகக் கைக்கு வந்துவிடும். நான் 18 மி.மீ. ப்ளைவுட்டில் 35 மி.மீ. அகலம், 50 மி.மீ. ஆழம் வெட்டி, உள்ளே ஃபெல்ட் (மெத்தென்ற கம்பளித் துணி) ஒட்டுகிறேன். ஒரு வெட்டுக்கும் அடுத்ததற்கும் 150 மி.மீ. இடைவெளி. அதிகம் என்பார்கள். ஸ்கோப்பும் போல்ட் கைப்பிடியும் நீட்டிக்கொண்டிருக்கும்போது அந்த இடம் தேவைதான். எட்டுக்குப் பதில் ஆறு நின்றால் என்ன குறைந்துவிடும்?

ரைஃபிள்களை நிறுத்தும்போது போல்ட் இருக்கும் பக்கம் நடைபாதையிலிருந்து தெரிய வேண்டும். திறந்த போல்ட்டும், உள்ளே தோட்டா இல்லை என்று காட்டத் தோட்டா அறைக்குள் செருகிய பளிச்சென்ற பாதுகாப்புக் கொடியும் குனியாமலே கண்ணில் பட வேண்டும். நடுவில் ஒரு பலகை மறைத்தால் அந்தப் பலகை எவ்வளவு அழகாக இருந்தாலும் கழற்றிவிடுவேன்.

மரத்தைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஓக் பலமானதுதான், ஆனால் அதிலிருந்து வரும் அமிலம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். வினிகர் வாசனை வீசும் சிலிக்கான் பசையும் அப்படித்தான். ஃபெல்ட் நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மழை பட்டால் காயவைத்த பிறகே ரைஃபிளை வையுங்கள். பட் தட்டில் நாலு துளை போட்டால் தண்ணீர் வடிந்துவிடும்.

கைப்பிடி வைப்பது காலி ஸ்டாண்டைத் தூக்கத்தான். ரைஃபிளோடு சேர்த்து நகர்த்தலாம் என்று யாராவது இரண்டு பேர் குனிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இலக்குத் தாளை மாற்ற ஆட்கள் முன்னால் போயிருக்கும்போது ஸ்டாண்டின் பக்கமே யாரும் போகக்கூடாது. ‘கொடியை மட்டும் சரி பண்றேன்’ என்பதும் அதில் அடக்கம்.

ஒவ்வொரு வெட்டுக்கும் மேலே பெரிதாக எண் எழுதுகிறேன். ஸ்டாண்டில் பூட்டு கிடையாது, அதனால் மாலையில் ரைஃபிள்களெல்லாம் பூட்டிய பெட்டகத்துக்குப் போக வேண்டும். ஒன்றிலிருந்து ஆறு வரை வாய்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டகத்தில் வைத்த பிறகுதான் ஸ்டாண்டை மடக்குகிறோம்.