வேலையில்லாத மாதங்களையும் மறைக்காமல் எழுதுங்கள்

கனடாவின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிப்பவர், கடந்த 10 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறைந்த நாள் முதல் இன்றுவரை, இவற்றுள் எது அண்மையதோ அந்தக் காலம் முழுவதற்கும் ஒரு மாதம்கூட விடுபடாமல், என்ன செய்துகொண்டிருந்தார் என்று கணக்குக் காட்ட வேண்டும். குடியேற்ற ஆலோசகராகக் காரைக்குடியில் நான் சரிபார்க்கும் விண்ணப்பங்களில் மிகுதியும் அவசரமாக நிரப்பப்பட்டிருப்பது இந்தப் பகுதிதான்.

பொறியியல் முடித்தபின் டிஎன்பிஎஸ்சி தேர்வுக்குப் படித்துக்கொண்டு, இடையிடையே அம்மான் கடையில் சம்பளமில்லாமல் ஒத்தாசையாக இருந்துவிட்டுச் சிங்கப்பூருக்குப் போன ஒருவர், படிப்பு முடிந்த மறுமாதமே அந்தக் கடையில் மேலாளராகச் சேர்ந்ததாக எழுதிவிடுகிறார். வீட்டில் சும்மா இருந்தது தெரிந்தால் விசா கிடைக்காது என்ற அச்சமே இதற்குக் காரணம்; அது வீண் அச்சம். வேலையின்றி இருந்தேன், தேர்வுக்குப் படித்தேன் என்பவை அந்தப் படிவம் ஏற்றுக்கொள்ளும் பதில்களே. இல்லாத வேலைக்கோ சம்பளச் சீட்டு இராது, பி.எஃப். கணக்கு இராது, வங்கியில் வரவும் இராது. அது பொய்யென்று தெரிந்தால், கனடாவின் குடியேற்றம் மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவின்படி 5 ஆண்டுகளுக்கு அந்நாட்டில் நுழையத் தடை வரும். எழுதிக்கொடுத்தவர் ஏஜென்ட் என்றாலும், கையெழுத்திட்டவரே பொறுப்பாளி.

சிங்கப்பூரில் ஒரு வேலை பெர்மிட் முடிந்து, அப்பச்சியின் அறுபதாம் ஆண்டு சாந்திக் கல்யாணத்துக்காக ஊருக்கு வந்து, அடுத்த பெர்மிட் கிடைக்கும்வரை நான்கைந்து மாதம் தங்கியிருந்ததைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அம்மாதங்கள் வேலை விவரத்திலும் வர வேண்டும், முகவரி விவரத்திலும் வர வேண்டும். ஐந்தொகை, அதாவது வரவும் பற்றும் நேர்பார்க்கும் கணக்கு, போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இது புதிதன்று: வேலை, முகவரி, பயணம் ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று நேராக வேண்டும். முன்பு சுற்றுலா விசாவுக்குக் கொடுத்த விவரத்தோடும் அவை ஒத்துப்போக வேண்டும்.

பயண விவரத்துக்குப் பழைய பாஸ்போர்ட் இன்றியமையாதது. மூலை வெட்டித் திருப்பித் தந்ததைச் செல்லாதது என்று வீசிவிடாதீர்கள். சிங்கப்பூர் இப்போது வருகை முத்திரைக்கு மாற்றாக இ-பாஸை மின்னஞ்சலில் அனுப்புவதால், அந்த மின்னஞ்சலையும் விமானச் சீட்டையும் தேடி எடுங்கள். திருச்சி விமான நிலையத்தில் குத்திய முத்திரைகளும் உதவும், ஆனால் இரவு விமானத்தில் தேதி மாறியிருக்கலாம். சிங்கப்பூரில் வசித்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் பாலம் கடந்து மலேசியாவின் ஜோகூருக்குச் சாமான் வாங்கப் போனதும் வெளிநாட்டுப் பயணமே. எந்த நாட்டிலாவது தொடர்ந்து 6 மாதமோ அதற்கு மேலோ இருந்திருந்தால் அந்நாட்டின் போலீஸ் சான்றிதழும் கேட்கப்படும் என்பதால், தேதிகளைக் குத்துமதிப்பாக எழுதுவது ஆபத்தானது.

சரியான தேதி எவ்வளவு தேடியும் கிடைக்காவிட்டால், எதை வைத்து அந்த மாதத்தைக் கணித்தீர்கள் என்று ஒரு விளக்கக் கடிதம் இணையுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அனுப்பியபின் பிழை தெரியவந்தால், அதிகாரி விளக்கம் கேட்டு எழுதும்வரை காத்திராமல், திருத்திய படிவத்தையும் கடிதத்தையும் குடியேற்றத் துறையின் இணையப் படிவம் வழியாக உடனே அனுப்பிவிடுங்கள்.