பைல் சிஸ்டம்னா தமிழ்ல என்ன? கோப்பும் ஒரு நூலும்

போன வாரம் இங்க மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல அக்கா வீட்டுல உக்காந்து அவங்க மகனோட பழைய லேப்டாப்புல ஃப்ரீபிஎஸ்டி (விண்டோஸ் மாதிரி ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஏத்திக்கிட்டு இருந்தேன், ரேம் வெறும் 2 ஜிபி, பேட்டரி எப்பவோ செத்துப்போச்சு. இன்ஸ்டாலர் பாதியில நின்னு, எந்த பைல் சிஸ்டம் வேணும், யூஎப்எஸ்ஸா ஸெட்எப்எஸ்ஸான்னு கேக்குது. பக்கத்துல இருந்த பையன், "மாமா, பைல் சிஸ்டம்னா தமிழ்ல என்ன?"ன்னான். கோப்பு முறைமைன்னேன். "கோப்புன்னா?"

பூ கோக்குறோம், ஊசியில நூல் கோக்குறோம்ல, அந்த 'கோ'தான் கோப்பு. (பேச்சுல கோர்க்குறோம்னு ஒரு 'ர்' சேத்துக்குறோம், எழுத்துல கோத்தல்தான்.) 400 பாட்டு வரிசையா கோத்து வர்ற சிற்றிலக்கியத்துக்கும் கோவைன்னுதான் பேரு. ஃபைல் எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்தா லத்தீன்ல 'ஃபீலும்'ங்கிற (filum) சொல்லு, அதுவும் நூல்தான், அந்தக் காலத்துல காகிதத்த நூல்லயோ கம்பியிலயோ குத்தி வரிசையா வச்சிருந்தாங்க. நம்ம எஸ்டேட் கிராணி (குமாஸ்தா) மேசையில ரெண்டு முனையிலயும் இரும்புக் குச்சி வச்ச பச்சைக் கயிறு போட்ட பைலப் பாத்தவங்களுக்கு இத விளக்கவே வேணாம்.

டிஸ்க்குலயும் அதே கதைதான் லா. பைல் ஒரே எடத்துலதான் இருக்கும்னு இல்ல, துண்டு துண்டா சிதறியும் கிடக்கும். யூஎப்எஸ்ல ஒவ்வொரு பைலுக்கும் ஐநோடுன்னு ஒண்ணு இருக்கு, முதல் 12 துண்டு எங்க இருக்குன்னு அதுலயே எழுதியிருக்கும், பைல் அதுக்கு மேல போனா மிச்ச விலாசம் எழுதின வேற பிளாக்கக் காட்டும். பைலோட பேரு அதுல இருக்காது, அது டைரக்டரியில இருக்கும். ஐநோடு வெறும் நூல்தான்.

சிஸ்டத்துக்கு சிலர் அமைப்புன்னு எழுதுறாங்க. எனக்குப் புடிக்கல, இங்க அமைப்புன்னா ஏதோ சங்கம்னு காதுல விழும். எப்படி வைக்கணும், எப்படி எடுக்கணும்ங்கிற ஒழுங்குதானே இது, அதனால முறைமை.

ஸெட்எப்எஸ் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் செஞ்சது, 2005ல வெளிய வந்துச்சு, அருமையானதுதான், ஆனா படிச்சத எல்லாம் ரேம்ல சேத்து வச்சிக்கும், 2 ஜிபியில மூச்சு முட்டும். யூஎப்எஸ்ஸப் போட்டு, ஜர்னலும் (டிஸ்க்குல நடக்குற மாத்தத்த குறிச்சு வச்சிக்கிற குறிப்பு) இருக்கட்டும்னு விட்டேன்.

சாயங்காலம் மழை, கரண்ட் போச்சு, லேப்டாப் பொசுக்குன்னு அணைஞ்சிருச்சு. கரண்ட் வந்ததும் போட்டேன், ஜர்னலப் பாத்துட்டு கொஞ்ச நேரத்துல எழுந்திருச்சு. பையன் எட்டிப் பாத்து, "நூல் அறுந்துச்சா மாமா?"