யூகேஜி புத்தகத்தைப் பாதியாக மடித்தால் ப்ரீகேஜி ஆகாது

கோத்தகிரியில் மழை விடாமல் அடித்த இந்த இரண்டு வாரத்தில் மட்டும் மூன்று குடும்பங்கள். மூன்றிலும் ஒரே கதை. பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம். மூத்தது மூன்றாம் வகுப்பு, நடுவிலுள்ளது யூகேஜி, கடைக்குட்டிக்கு மூன்றரை வயது. "மேடம், பென்சிலை எடுத்தாலே இவன் மேஜைக்கு அடியில போய் உட்கார்ந்துக்கிறான்." கையில் ஏதோ குறை என்று பயந்து, ஆக்குபேஷனல் தெரபிஸ்டான (கைவேலையிலும் அன்றாட வேலைகளிலும் பயிற்சி தருபவள்) என்னிடம் கூட்டி வருகிறார்கள்.

கடைசியாக வந்தவனுக்கு முன்னால் ஒரு கிண்ணம் பச்சைப் பட்டாணியை வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் அத்தனையும் உரித்துவிட்டான், பாதி வயிற்றுக்குள். கை பிரமாதமாக இருந்தது. அப்புறம் பையிலிருந்த நோட்டைப் பார்த்தேன். வரி வரியாக 'அ'. எல்லாம் அக்காவின் யூகேஜி பாடம். "அவளுக்கு நாலு பக்கம், இவனுக்கு ரெண்டே பக்கம்தான் மேடம்" என்றார் அம்மா, ஏதோ சலுகை கொடுத்தவர் போல.

இந்த 'ரெண்டே பக்கம்' தான் என் பொறுமையைச் சோதிக்கிறது. பெரியவர் மாத்திரையை உடைத்துக் குழந்தைக்குக் கொடுப்பீர்களா? பாடத்துக்கு மட்டும் ஏன் அந்தக் கணக்கு? யூகேஜி புத்தகம் நான்கு முடிந்து ஐந்தை நோக்கிப் போகும் குழந்தைக்காக எழுதப்பட்டது. அதில் ஒரே ஒரு பக்கம் கொடுத்தாலும் அந்தப் பக்கம் கேட்கும் வேலை குறையாது.

'அ' எழுத்தையே பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு படுக்கைக் கோடு, ஒரு நெடுக்குக் கோடு, எல்லாம் சரியான இடத்தில் சேர வேண்டும். வட்டத்தைப் பார்த்து வரையும் திறமை சுமார் மூன்று வயதில் வருகிறது. கூட்டல் குறி நான்கை ஒட்டி, சதுரம் அதற்கும் பிறகு, முக்கோணம் ஐந்து வாக்கில். இப்போதுதான் வட்டத்துக்கு வந்திருக்கும் கையிடம் 'அ' கேட்டால், அது மேஜைக்கு அடியில்தான் போகும். மணிக்கட்டில் எட்டு எலும்புகள். இந்த வயதில் எக்ஸ்ரே எடுத்தால் பாதிகூடத் தெரியாது, மீதி இன்னும் குருத்தெலும்புதான். எழுத்து எழுதியே ஆக வேண்டும் என்று வீட்டில் தாத்தா பிடிவாதம் பிடித்தால், முதலில் 'ட', 'ப' மாதிரி நேர்க்கோட்டு எழுத்துகள், அதுவும் தட்டில் பரப்பிய மாவில் விரலால். பென்சில் வேண்டாம். கையைப் பிடித்து எழுத வைப்பது வேண்டவே வேண்டாம். அங்கே எழுதுவது உங்கள் கை.

எண்களிலும் இதே கூத்து. நூறு வரை ஒப்பிப்பான். ஐந்து ஸ்பூன் எடுத்து வா என்றால் ஒரு கை அள்ளி வருவான். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை டம்ளர் வைக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு ஒன்றாக. அதுதான் அவனுடைய கணக்குப் பாடம்.

சரி, மூன்று பேரை ஒரே மேஜையில் எப்படிச் சமாளிப்பது? பொருள் ஒன்றாக இருக்கட்டும், வேலை வேறாக இருக்கட்டும். கேரட் வந்த நாளில் மூத்தவள் எடை போட்டு விலை கணக்கிடட்டும், நடுவிலுள்ளவள் பெயரை எழுதட்டும், இவன் மண்ணைக் கழுவிப் பெரியது சிறியது பிரித்து வைக்கட்டும். பல்லாங்குழியில் அக்காக்கள் ஆடும்போது குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை போடுவது இவன் பொறுப்பு. (எதையும் வாயில் போடும் பழக்கம் இன்னும் இருந்தால் கொட்டை வேண்டாம்.) முதல் பதினைந்து நிமிஷத்தை அவனுக்கே கொடுத்துவிடுங்கள், கதையும் மடியுமாக. வயிறு நிறைந்த பிள்ளை மாதிரி அப்புறம் தானே எழுந்து விளையாடப் போய்விடுவான். பெரும்பாலோர் தலைகீழாகச் செய்கிறார்கள்: பெரியவர்களுக்கு முடித்துவிட்டு, எல்லோரும் களைத்த பிறகு இவனை உட்கார வைக்கிறார்கள்.

குளிர்காலக் காலையில் விறைத்த விரல்களோடு நுணுக்க வேலையை ஆரம்பிக்காதீர்கள். முதலில் சப்பாத்தி மாவு பிசையட்டும். மழை என்று நாள் முழுக்க அடைத்தும் வைக்காதீர்கள். மழைக்கோட்டு மாட்டி வெளியே விடுங்கள். கூடலூர்ப் பக்கம் என்றால் திரும்பியதும் கால் விரலிடுக்கில் அட்டைப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள். அக்காவைத் தம்பிக்கு டீச்சராக்காதீர்கள், அவளுக்கும் ஏழெட்டு வயதுதான். கூட விளையாடப் பிள்ளைகள் வேண்டுமென்றால் பக்கத்து அங்கன்வாடி இருக்கிறது. அங்கே அனுப்புவதை ஏனோ கௌரவக் குறைச்சலாக நினைக்கிறார்கள்.

"பின்தங்கிடுவான் மேடம்" என்கிறார்கள். யாருக்குப் பின்னால்? 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டமே கட்டாயக் கல்வியை ஆறு வயதிலிருந்துதான் பேசுகிறது.

நான்கு முடிந்தும் வட்டம் வரவில்லை, வெளியாட்களுக்குப் பேச்சு புரியவில்லை, ஒரு கையை மட்டும் எப்போதும் ஒதுக்கியே வைக்கிறான், படியில் அடிக்கடி விழுகிறான் என்றால் அது வேறு விஷயம். அப்போது தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். நோட்டு வேண்டாம், பிள்ளையைக் கூட்டி வாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருபவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். வளைவுகளில் வாந்தி எடுத்துவிட்டு வந்த குழந்தையிடம் எந்தச் சோதனையும் உருப்படியாக நடக்காது.